காயில் கடை முதல் கடற்கரை வரை: மாணவர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், லீவில் எங்கே போய் வேலை பழகுவது என்றுதான் கேட்கின்றன. ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், நான் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு. 3,000 ரூபாய் கட்டினால் ஒரு மாத ஆன்லைன் இன்டர்ன்ஷிப்புக்குச் சான்றிதழ் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. கட்டலாமா? (பொள்ளாச்சி)

கட்டாதீர்கள், தம்பி. வேலை பழக்குகிறவர் சம்பளம் தராவிட்டாலும் போகட்டும், உங்களிடம் காசு வாங்கக் கூடாது. என் மாணவன் ஒருவன் இப்படித்தான் பணம் கட்டி, நாலு வீடியோவும் ஒரு பிடிஎஃப்பும் வாங்கி வந்தான். நேர்முகத் தேர்வில் "அங்கே என்ன செய்தாய்?" என்று கேட்டதும் அவனுக்கு வாயே திறக்கவில்லை. அவன் அப்பா கைமாற்று வாங்கிக் கொடுத்த பணம் அது. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

கோவைப் பக்கம் பம்ப்செட்டுக்குப் பெயர் போனது. உங்கள் ஊரிலேயே மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கும். மாலையில் இரண்டு மணி நேரம் வந்து கற்றுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். முதல் வாரம் கடையைக் கூட்டச் சொல்வார்கள், டீ வாங்கி வரச் சொல்வார்கள். செய்யுங்கள். அப்புறம் எரிந்துபோன மோட்டார் ஒன்றைப் பிரிக்கக் கொடுப்பார்கள். பழைய காயிலை வெட்டி எடுக்கும் முன், ஸ்லாட்டுக்கு (காயில் உட்காரும் பள்ளம்) எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (தடிமன்), கனெக்‌ஷன் ஸ்டாரா டெல்டாவா (மூன்று பேஸ் காயில்களின் முனைகளை ஒரே புள்ளியில் சேர்ப்பது ஸ்டார், வளையமாகக் கோப்பது டெல்டா) என்று நோட்டில் குறித்தாக வேண்டும். சுற்றைக் குறைத்துக் கட்டிவிட்டால் லோடு இல்லாமலேயே கரண்ட் ஏறும், மோட்டார் சுடும்.

கை பழகியவர் கருகலைப் பார்த்தே நடந்ததைச் சொல்லிவிடுவார். ஸ்டார் மோட்டாரில் இரண்டு பேஸ் காயில் கரியாகி, மூன்றாவது மட்டும் புதுசு போலப் பளபளத்தால், ஓடும்போது மூன்று பேஸ் கரண்டில் ஒன்று வராமல் போயிருக்கிறது என்று அர்த்தம். டெல்டாவாக இருந்தால் பெரும்பாலும் ஒரு பேஸ் மட்டும் கருகியிருக்கும். இந்தச் சிங்கிள் பேஸிங் பற்றிப் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருப்பீர்கள். விரலில் அந்தக் கரி ஒட்டினால் அது ஆயுசுக்கும் மறக்காது. ஒரு சின்ன விஷயம்: இதைப் பயிற்சியாக ஏற்பார்களா என்று துறைத் தலைவரிடம் முதலிலேயே கேட்டுவிட்டு, கடைசியில் கடையின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பி.காம். படிக்கிறேன். வெளியூர் அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. உள்ளூரில் என்ன செய்யலாம்? (விருதுநகர் மாணவி)

ஆடிட்டர் ஆபீஸ், அம்மா. இல்லாவிட்டால் கணக்கு எழுதும் யாரிடமாவது சேருங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் வியாபாரிகளுக்கு 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதிக்குள் 3பி (வரிக் கணக்கின் சுருக்கம்) போக வேண்டும். நடுவில் 14-ஆம் தேதி 2பி (கொள்முதலில் வரவு எடுக்கக்கூடிய வரியின் பட்டியல்) வரும். அந்தப் பத்து நாள் அங்கே உட்கார்ந்தால் போதும். மஞ்சள் பையில் கசங்கி வரும் கொள்முதல் பில்களை 2பியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். சரக்கு அனுப்பியவர் தன் கணக்கில் பில்லை ஏற்றாமல் விட்டிருந்தால், உங்கள் கட்சிக்காரருக்கு அந்த வரியை வரவு எடுக்க முடியாது. போன் போட்டு, அனுப்பியவரை ஏற்ற வைப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். டாலி (கணக்கு மென்பொருள்) வகுப்பில் இதைக் கற்றுத் தர மாட்டார்கள்.

கேள்வி: பட்டம் முடிந்துவிட்டது. இனிமேல் பயிற்சிக்கு வழி உண்டா? (ஓசூர்)

உண்டு. 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்படி பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி இருக்கிறது. அதற்கான மத்திய அரசின் நாட்ஸ் (NATS) தளத்தில் பதிவு செய்யுங்கள். 2019 விதியில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கேள்வி: விலங்கியல் படிக்கிறேன். லேபில் ஃபார்மலின் பாட்டில்களைத்தான் பார்க்கிறோம். உயிருள்ளதைப் பார்க்க எங்கே போவது? (தாம்பரம்)

உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் கடல் இருக்கிறது. 1988 முதல் கடல் ஆமைப் பாதுகாப்புக்கான மாணவர் வலையமைப்பு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் மணலில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை சீசன். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம்.

ஒருமுறை நானும் போயிருந்தேன். ஆமை கரையேறி இறங்கிய தடம் டிராக்டர் டயர் போன மாதிரி கிடந்தது. தடம் முடியும் இடத்தில் மெல்லிய கம்பியை இறக்கி, மணல் எங்கே பொலபொலவென்று இருக்கிறது என்று தேடினார்கள். பிறகு கையாலேயே தோண்டினார்கள். குழி குடுவை மாதிரி, கழுத்து குறுகி அடி அகன்று இருந்தது. உள்ளே பிங்பாங் பந்து அளவில் நூறு முட்டைக்கு மேல். துணிப்பையில் எடுத்துப்போய், பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். குஞ்சு வர 45 நாளுக்கு மேல் ஆகும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம் பிறக்கும். தினமும் மணலின் வெப்பநிலையை நீங்கள் குறித்தால் அதுவே உங்கள் புராஜெக்ட்.

ஆனால் தனியாகப் போய் முட்டையைத் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கேள்வி: பி.ஏ. தமிழ் படிப்பவனுக்கு என்ன இன்டர்ன்ஷிப் சார்? (கும்பகோணம்)

இதை வருத்தத்தோடு கேட்டிருக்கிறீர்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் தஞ்சாவூரில் ஓலைச்சுவடிகள் உள்ள சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. கல்லூரிக் கடிதத்தோடு போய், சுவடி வாசிக்கப் பழக வேண்டும் என்று கேளுங்கள். சென்னை தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. வீட்டிலிருந்தே செய்ய வேண்டுமானால் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களின் ஸ்கேன் பக்கங்களுக்கு மெய்ப்புப் பார்க்கலாம். நீங்கள் திருத்திய ஒவ்வொரு பக்கமும் உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கும், யாரிடமும் காட்டலாம்.

சுவடி முதலில் மிரட்டும். மெய்யெழுத்தில் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் பிரித்து எழுதியிருக்காது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எழுத்து மங்கியிருந்தால் எண்ணெயில் கரி குழைத்துத் தடவித் துடைப்பார்கள், கீறல் கறுப்பாகத் தெரியவரும். அதைப் பெரியவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் வாரம், உங்களுக்கு மனப்பாடமான திருக்குறள் ஏட்டைக் கேட்டு வாங்கி எழுத்துக்கூட்டுங்கள். பாட்டு தெரிந்திருப்பதால் எழுத்து தானாகப் பிடிபடும்.