பரிசுப் பெட்டி வாங்கும்போது மூடியின் முனையைப் பாருங்கள்

முகூர்த்த மாதம் நெருங்குவதால், கையால் அலங்கரித்துப் பரிசளிக்கும் மரப்பெட்டி பற்றியே இந்த முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தருகிறேன்.

கே: மகள் கல்யாணத்துக்கு நகைப்பெட்டி ஒன்றை நானே வண்ணம் தீட்டிக் கொடுக்க ஆசை. 'சாலிட் மாமரம்' என்று போட்டிருந்த வெற்றுப் பெட்டியை ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். பிரைமர் அடித்த மறுநாளே ஓரமெல்லாம் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. 'பெயின்ட் அடித்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். (மதுரை வாசகி)

ப: தப்பு உங்கள் மேல் இல்லை அம்மா. உப்பின இடத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். சிம்பு சிம்பாக வராமல் பஞ்சு மாதிரித் தூளாக உதிர்ந்தால், உங்களுக்கு வந்தது மாமரம் இல்லை, எம்.டி.எஃப். மரநாரைப் பசையோடு கலந்து, சூடாக்கி அழுத்திச் செய்த பலகை அது. ஓரத்தில் ஈரம் பட்டால் நார் விரியும். காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. தண்ணீர் கலந்த பிரைமரே அதற்குப் போதும்.

எம்.டி.எஃப் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலுக்கு வளையாது, பரப்பு வழவழப்பாக இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் வரைந்து பழக நல்ல பொருள். அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்கட்டும். மரத்தின் பெயரைப் போட்டு மரத்தின் விலையை வாங்குவதுதான் பொறுக்கவில்லை. 'வுட்டன்' என்பார்கள், 'பிரீமியம் வுட்' என்பார்கள். 'இன்ஜினியர்டு வுட்' என்றிருந்தால் ஆலைப் பலகை என்று படியுங்கள். மேலே ரேகை தெரிகிறதே என்று நம்பவும் முடியாது. ரேகை அச்சடித்த தாளை ஒட்டியே விற்கிறார்கள். மூடியின் முனையைப் பாருங்கள். அசல் மரமென்றால் மேலே ஓடும் ரேகை முனையில் வெட்டுப்பட்டு, வளையக் கோடும் நுண்துளையும் தெரியும். நாலு ஓரமும் ஒரே மாதிரி மொழுக்கென்று இருந்தால் பலகைதான்.

இனி உங்கள் பணம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. பெயின்ட் அடித்ததால்தான் குட்டு வெளிப்பட்டது, அதையே சாக்காக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. விற்பனைப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் இன்றே படம் பிடித்து வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசமும் உண்டு. 1,450 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கே: வார்னிஷுக்குப் பதில் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசலாமா? (ஈரோடு வாசகி)

ப: வேண்டாம். அடியில் இருக்கும் பெயின்டைக் கரைத்துவிடும்.

கே: கண்காட்சியில் 12 பெட்டி மொத்தமாக வாங்கினேன். இரண்டில் ஊசித்துளை விழுந்து மாவு கொட்டுகிறது. பில் வாங்கவில்லை. கடைக்காரர் பெயரும் தெரியாது. (திருச்சி வாசகர்)

ப: பில் இல்லை, பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? 12 பெட்டிக்குப் பணம் எண்ணிக் கொடுத்தவர் ஒரு துண்டுச் சீட்டு கேட்டிருக்கக் கூடாதா? இதே பத்தியில் எத்தனை முறை எழுதியாயிற்று!

உளு (மரம் துளைக்கும் பூச்சி) விழுந்த இரண்டையும் உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். அந்த இரண்டையும் யாருக்கும் பரிசாகக் கொடுக்க வேண்டாம். மீதிப் பத்தின் அடியில் கறுப்புத் தாள் விரித்து, ஒரு மாதம் தூள் விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கே: மூடியில் ஒட்ட '22 காரட் தங்க ரேக்கு' என்று 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றே மாதத்தில் பச்சையும் கறுப்புமாகிவிட்டது. என் கைவேலைக் குறையா? (கோவை வாசகி)

ப: இல்லவே இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் 22 காரட் ரேக்கு இப்படிப் பச்சை பூக்காது. உங்களிடம் தந்தது செம்பும் துத்தநாகமும் கலந்த போலித் தகடு. அதன் மேல் வார்னிஷ் பூசாவிட்டால் கறுக்கத்தான் செய்யும். மீந்த தாள் ஒன்றிரண்டு இருந்தால் பத்திரமாக வையுங்கள், நகைக்கடை காரட் மீட்டரில் காட்டினால் தெரிந்துவிடும். அந்த முடிவையும் '22 காரட்' என்று அச்சடித்த உறையையும் வைத்துப் புகார் கொடுங்கள். ஆசையாகச் செய்தவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது.

கே: கீல் எது வாங்குவது? (நாகர்கோவில் வாசகர்)

ப: பித்தளைக் கீல். கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. என் சித்தியின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் செய்த பெட்டியில் 'பித்தளை' என்று சொன்னதை நம்பிப் போட்ட கீல், இரண்டு மழைக்காலத்தில் துருவேறி வெள்ளைப் பெயின்டில் செங்கறை வழியவிட்டது. சித்தி அதைத் துணி போட்டு மறைத்து வைத்திருந்ததைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. திருகாணி நீளத்தையும் பாருங்கள். பெட்டிச் சுவர் 6 மில்லிமீட்டர் என்றால் 12 மில்லிமீட்டர் ஆணி உள்ளே நீட்டிக்கொண்டு விரலைக் கிழிக்கும்.

கே: மூடியில் ஒட்டிய குடும்பப் படம் பசை பட்டதும் கலங்கிவிட்டது. (சேலம் வாசகி)

ப: அது ஈரம் பட்டால் மை கரையும் இங்க்ஜெட் பிரின்ட். லேசர் பிரின்ட் எடுத்து ஒட்டுங்கள்.

கே: அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். இன்று ஆரம்பித்தால் முடியுமா? (விருதுநகர் வாசகி)

ப: வெளிப்பக்கம் மட்டும் என்றால் முடியும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் அக்ரிலிக் பெயின்ட் முழுசாக இறுக இரண்டு மூன்று வாரமாகும். அதற்குள் மூடி வைத்தால் மூடியும் விளிம்பும் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயின்ட் உரிந்து வரும். அதனால் உள்பக்கத்தையும், மூடி உட்காரும் விளிம்பையும் பெயின்ட் அடிக்காமல் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி விட்டுவிடுங்கள். சனிக்கிழமை இரவு வரை திறந்தே வையுங்கள். கொடுக்கும்போது, பதினைந்து நாள் மேலே கனமாக எதையும் ஏற்ற வேண்டாம் என்று பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.