மூன்று எழுதினேன், ஒன்றுதான் இருக்கிறது

கேள்வி: சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ் சர்வரில் டிசைன், கணக்கு, மெயில் என மூன்று கோப்பு அமைப்புகள். தினமும் இரவு பேக்கப்புக்காக மூன்றையும், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் 'டார்' கட்டளையால் ஒரே எல்டிஓ-6 வகை டேப்பில், எஸ்டி0 என்ற சாதனப் பெயரில், வரிசையாக எழுதுகிறேன். பிழைச் செய்தி வந்ததே இல்லை. போன வாரம் அழிந்துபோன காலண்டர் டிசைன் ஒன்றைத் தேடினால், டேப்பில் மெயில் மட்டும்தான் இருக்கிறது. டேப் கெட்டுவிட்டதா?

பதில்: டேப் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் அந்த எஸ்டி0-வில். அந்தப் பெயரில் எழுதினால் ஒவ்வொரு டார் முடிந்ததும் டேப் தானாக ரீவைண்ட் ஆகி முதலுக்கே போய்விடும். டிசைன் மேல் கணக்கு விழுந்தது, கணக்கின் மேல் மெயில் விழுந்தது. மூன்று கட்டளைகளுமே தம் வேலையை ஒழுங்காக முடித்ததால் பிழைச் செய்திக்கு வழியே இல்லை.

2003-இல் ஒரு நூற்பாலையில் நானும் இதே தவறைச் செய்தேன். அப்போது 20 ஜிபி பிடிக்கும் டிடிஎஸ்-4 டேப். ஹார்ட் டிஸ்க் போன அன்று பார்த்தால் சம்பளக் கணக்கைக் காணோம். பதிவேடுகளை வைத்துக்கொண்டு மூன்று பேர் பதினோரு நாள் உட்கார்ந்து திரும்பத் தட்டினோம்.

உங்கள் டிசைன்களுக்கு இப்போது பேக்கப்பே இல்லை. இன்று இரவே எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். அந்த டேப்பில் இனி எதையும் எழுதாதீர்கள். ஓரத்தில் உள்ள பூட்டுத் தாழை நகர்த்தி எடுத்து வையுங்கள். கணக்கும் மெயிலும் சிறியவை என்றால், டிசைனின் பெரும்பகுதி நாடாவில் இன்னும் இருக்கும். ஆனால் 'தரவு முடிந்தது' என்ற குறியைத் தாண்டி டிரைவ் படிக்காது. தரவு மீட்பு செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி என்எஸ்டி0 என்று கொடுங்கள். முன்னால் உள்ள 'என்', ரீவைண்ட் வேண்டாம் என்பதற்கு. ஒவ்வொரு டாருக்குப் பின்னும் அதன் முடிவைக் காட்டும் ஒரு கோப்புக் குறி விழும், டேப் அங்கேயே நிற்கும். மெயில் வேண்டும்போது ரீவைண்ட் செய்துவிட்டு, டேப்பை நகர்த்தும் 'எம்டி எஃப்எஸ்எஃப் 2' கட்டளையை என்எஸ்டி0-வுக்குக் கொடுத்தால் இரண்டு குறிகளைத் தாண்டி மூன்றாவதன் தொடக்கத்துக்குப் போகும்.

அப்புறம், பேக்கப் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, சனிக்கிழமைதோறும் டிசைன் டாரின் கடைசிக் கோப்பை வேறொரு ஃபோல்டரில் எடுத்துப் பாருங்கள். கடைசிக் கோப்பை எடுக்க டார் முழுவதையும் படித்தாக வேண்டும். எல்டிஓ-6 வினாடிக்கு 160 எம்பி படிக்கும், 2.5 டிபி நிறைந்த டேப்புக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பரவாயில்லை, ஓடட்டும். அந்தக் காலண்டர் கிடைத்ததா என்று அவசியம் எழுதுங்கள்.