மேடைக் கடற்கன்னிக்கு வால் தைக்கிறது எப்படி? கேள்வி பதில்

நான் யாழ்ப்பாணத்தில் மேடை உடுப்புத் தைக்கிறவள். இன்றைக்கு உலர்ந்த மேடையில் பாவிக்கும் கடற்கன்னி வாலைப் பற்றி மட்டும் கேளுங்கள். நீந்துகிற வால் வேறு சாமான். அதை நான் தைப்பதில்லை.

சாவகச்சேரி ஆசிரியை: தமிழ்த் தினப் போட்டிக்கு நாட்டிய நாடகம் பழக்குகிறோம். போன முறை தைத்த வால் ஒடுங்கின பாவாடை மாதிரித்தான் இருந்தது. எங்கே பிழைத்தது?

டீச்சர், பிள்ளையை நிற்க வைத்து அளவு எடுத்திருப்பீர்கள். பாயில் படுக்க வைத்து, கால் இரண்டையும் சேர்த்து, பெருவிரலை நீட்டச் சொல்லி எடுக்க வேண்டும். நிற்கிற அளவில் தைத்தால் குதிக்கால் வருகிற இடத்தில் வால் முறிந்த மாதிரித் தெரியும். பழைய லெகின்ஸ் போட வைத்து, மேலே பொலித்தீன் சுற்றி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அகலமான டேப் ஒட்டுங்கள். இறுக்க வேண்டாம். பின்பக்கமாக, முனை மழுங்கின கத்தரிக்கோலால் வெட்டிக் கழற்றினால் அந்தப் பிள்ளையின் அச்சு அப்படியே கையில் வந்துவிடும்.

அடுத்தது ஸ்பொஞ்ச். மீனுக்கு ஏது தொடையிடுக்கு? கால்களுக்கு நடுவில் விழும் பள்ளத்தை ஆப்பு மாதிரி வெட்டின ஸ்பொஞ்சால் நிரப்புங்கள். முழங்காலின் பின்பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மடியாது. மேல்துணி நான்கு பக்கமும் இழுபடும் லைக்ரா. அச்சின் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டினால் சுருக்கம் விழாது.

செதிலுக்கு 2 மில்லிமீற்றர் ஈவிஏ ஷீட் (மெல்லிய நுரை ரப்பர் தாள்) போதும். ஒவ்வொன்றையும் ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) இளக்கி, சோற்றுக் கரண்டியின் முதுகில் வைத்து விரலால் அழுத்தினால் வளைவு நின்றுவிடும். ஒட்டுவது கிடுகு வேய்கிற மாதிரித்தான். வால் நுனியில் தொடங்கி, வரிசை வரிசையாக இடுப்புக்கு ஏற வேண்டும். என்னிடம் பழக வந்த ஒரு பெடியன் இடுப்பில் தொடங்கி, நாற்பது செதில் ஒட்டின பிறகுதான் அடுத்த வரிசையைச் செருக இடமில்லை என்று கண்டான். பசை செதிலின் மேல் விளிம்பில் மட்டும். முழுக்க ஒட்டினால் லைக்ரா இழுபடாது. வால் ஒடுங்க ஒடுங்கச் செதிலும் சிறுக்க வேண்டும். இடுப்பில் ஒரே கோடாக முடித்தால் பெல்ற் கட்டின மாதிரி இருக்கும். தோல்நிற வலைத்துணியில் நாலைந்து செதிலை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தைத்து விடுங்கள்.

கொக்குவில்: வெளிநாட்டில் சிலிக்கனில் செய்கிறார்களே, அச்சு அசல் மீன்தோல். அப்படிச் செய்யலாமா?

செய்யலாம், தூக்குவது யார்? முழுச் சிலிக்கன் வால் 15 கிலோவுக்கு மேல் போகும். தண்ணீருக்குள் அந்தப் பாரம் தெரியாது, பலகை மேடையில் நன்றாகத் தெரியும். காற்றும் புகாது. பங்குனி வெயிலில் அரை மணித்தியாலம் அதற்குள் கிடந்து பாருங்கள். கிழிந்தாலும் சிலிக்கனில் சிலிக்கன் மட்டும்தான் ஒட்டும், கடைப் பசை ஒன்றும் பிடிக்காது.

மானிப்பாய்: எந்தப் பசை நல்லது?

செருப்புத் தைக்கிறவர்கள் பாவிக்கிற மஞ்சள் பசை. இரண்டு பக்கமும் பூசி, கை ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அந்த மணம் தலையைப் பிளக்கும். இன்னொன்று, வெயிலில் நிற்கும் வானுக்குள் வாலை வைக்காதீர்கள். என் முதல் வால் சூட்டில் பசை இளகி, மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது இரண்டு துண்டாக இருந்தது.

காரைநகர்: தைத்து முடிந்ததும் கசூரினாக் கடற்கரையில் தண்ணீருக்குள் இறங்கிப் படம் எடுக்கப் போகிறோம்.

வேண்டாம். ஸ்பொஞ்சும் ஈவிஏயும் மிதக்கும். மிதந்தால் கால் மேலே வரும், தலை கீழே போகும், கட்டின காலை உதறவும் முடியாது. மணலில் கிடந்து எடுங்கள்.

குருநகர்: அக்கா, நான் கடலுக்குப் போகிறவன். உங்கள் கடற்கன்னிகளின் வால் எல்லாம் தட்டையாகப் படுத்திருக்கிறது. பாரை, சீலா, விளைமீன் எதை எடுத்தாலும் வால் நிமிர்ந்துதான் நிற்கும். இது என்ன மீன்?

மீனின் உடல் இடமும் வலமுமாக வளையும், அதனால் வால் நிமிர்ந்து நிற்கும். மனிதரின் முழங்கால் பக்கவாட்டில் மடியாதே தம்பி. மேலும் கீழுமாக அடிக்கிற உடலுக்கு டொல்பின் மாதிரிப் படுத்த வால்தான் பொருந்தும். மன்னார்ப் பக்கம் இருக்கிற கடற்பசுவுக்கும் அதே வால்தான். 1493இல் கொலம்பஸ் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகவும், படத்தில் வரைகிற அளவுக்கு அழகில்லை என்றும் குறிப்பு இருக்கிறது. அவர் கண்டது கடற்பசுவின் இனத்தைத்தான் என்கிறார்கள்.

குருநகர்: கடற்பசுவுக்குச் செதில் இல்லையே அக்கா!

சரி, பிடித்துவிட்டீர்கள். செதில் பாரையுடையது, அசைவு டொல்பினுடையது. கலப்படம்தான்.

அரியாலை: குருநகர் அண்ணை சொல்வதில் ஞாயம் இருக்கிறது. நாங்கள் ஊர்தியில் கல்லின் மேல் கடற்கன்னியை இருத்தினோம். படுத்த வால் பக்கத்திலிருந்து பார்க்கக் கத்தி அலகு மாதிரித் தெரிந்தது. வால் இருக்கிறதே ஒருவருக்கும் தெரியவில்லை.

இது நல்ல கதை, இதற்காகவே இன்றைக்கு வந்தேன் என்று வையுங்கள். மேடையில் நீந்துவதில்லை, பெரும்பாலும் இருப்பதுதான். ஆகவே வால் நுனியின் துடுப்பைச் சபையின் பக்கம் அரைவாசி திருப்பித் தைப்பேன். நடுவில் ஈவிஏ இரண்டு தட்டு, அவற்றுக்கு இடையில் மூங்கில் நரம்பு. வல்வெட்டித்துறையில் பொங்கலுக்குப் பட்டம் கட்டுகிறவர்கள் சீவுகிற மாதிரி, அடியில் தடிப்பாகவும் நுனியில் மெல்லிசாகவும் சீவினால் அடி விறைத்து நிற்க நுனி தானாகத் துடிக்கும். மூங்கில் முனைகளுக்குத் துணி சுற்றுங்கள், கண்ணில் குத்தும்.

சுன்னாகம்: இராமாயணத்தில் கடற்கன்னி உண்டு என்கிறார்களே?

தாய்லாந்து இராமாயணத்தில் உண்டு. சுவர்ணமச்சா, இராவணனின் மகள், அனுமனை விரும்புகிறவள். கம்பனில் தேடாதீர்கள்.

நல்லூர்: சிலிக்கனில் செய்தால் இன்னும் இயல்பாக இருக்காதா?

கொக்குவிலுக்குச் சொன்னதுதான்.

உரும்பிராய்: எங்கள் கடற்கன்னி நடந்து வர வேண்டும்.

நடக்க மாட்டாள். சில்லுப் பலகையில் இழுத்து வாருங்கள், அல்லது இருவர் தூக்குங்கள். வாலைத் திறந்து மூடும் சிப் (zip) கீழே கணுக்கால் வரை திறக்க வேண்டும், திறக்கத் தெரிந்த ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நெருப்புப் பிடித்தால் ஓட முடியாத ஒரே ஆள் அவள்.

பருத்தித்துறை: செம்மஞ்சள் வால் நல்லாயிருக்குமா?

நீல வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும். துணி வாங்க முன் மேடைக்காரரிடம் கேளுங்கள்.

கொழும்புத்துறை: ஸ்பொஞ்ச் வைத்த வால் குளத்தில் மிதக்குமா? படம் எடுக்க...

காரைநகருக்கு எழுதினதை வாசியுங்கள். இரண்டு தரம் வாசியுங்கள்.

குருநகர்: கடைசியாக ஒன்று. துடுப்பை எந்தப் பக்கம் திருப்புவது?

கல்லை மேடையில் எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். ஒருமுறை இடப்பக்கக் கல்லுக்குத் தைத்தேன். அன்று பின்னேரம் கல்லை வலப்பக்கம் மாற்றிவிட்டார்கள். நாடகம் முடியும்வரை சபை பார்த்தது வாலின் அடிப்பக்கத்தையும் என் சிப்பையும்தான்.