முதல் வரியும் நாவலின் பெயரும்

கேள்வி: முதல் வரியை மட்டும் கொடுத்து நாவலின் பெயரைக் கேட்கும் புதிர்களில் சில உடனே பிடிபடுகின்றன, பல பிடிபடுவதே இல்லையே, ஏன்?

பதில்: தொடக்கத்திலேயே ஒரு விசித்திரத்தை வைத்துவிட்ட நாவல்கள்தாம் சட்டென்று நினைவுக்கு வரும். கடிகாரங்கள் 13 முறை அடிக்கும் குளிர்ந்த ஏப்ரல் நாள் என்றதுமே, 1949-இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ என்று, அதைப் படிக்காதவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். கூடுதலாக விழும் அந்த ஓர் அடியே, அவ்வுலகில் ஏதோ பிசகியிருக்கிறது என்று காட்டிவிடுகிறது. வானிலையையோ ஊரையோ சாதாரணமாக வர்ணித்துத் தொடங்குபவை, எவ்வளவு உயர்ந்த படைப்பானாலும், நழுவிவிடும். புதிர் போடுபவர்களும் சறுக்குவதுண்டு: ‘என்னை இஷ்மாயில் என்று அழையுங்கள்’ என்பது, 1851-இல் வெளியான ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலில் முதல் அத்தியாயத்தின் முதல் வரிதான், புத்தகமோ அதற்கு முன்பே, திமிங்கலம் பற்றிப் பல நூல்களிலிருந்து திரட்டிய மேற்கோள்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடுகிறது.