பழைய ஆஸிலோஸ்கோப் ஆம்ப்ளிஃபயர் பிளக்-இன்னுக்குள் எதற்கு இத்தனை பாகங்கள்?

"ஒரு சிக்னலைப் பெருக்கிக் காட்ட ஒரு ஆப்-ஆம்ப் போதாதா? இந்தப் பழைய ஸ்கோப் பிளக்-இன்னைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் பாகம் இருக்கிறதே, உள்ளே என்னதான் நடக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். (ஸ்கோப் என்பது மின் சிக்னலைத் திரையில் அலையாக வரையும் கருவி, பிளக்-இன் அதில் செருகிக் கழற்றும் பெட்டி, ஆப்-ஆம்ப் ஒற்றைச் சில்லில் அடங்கிய பெருக்கி.) கேள்வியில் கொஞ்சம் நக்கல் தெரிகிறது. பரவாயில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். உங்களிடம் இருப்பது டெக்ட்ரானிக்ஸ் 7000 வரிசை என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். 1969-இல் வந்த வரிசை அது. இன்றைக்குப் பழைய சாமான் விலையில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். என்னிடம் இருப்பது 7603 மெயின்ஃபிரேம் (திரையும் சப்ளையும் உள்ள தாய்ப்பெட்டி), அதில் 7ஏ18 என்ற இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர்.

முதலில் ஒரு கணக்கு. 7ஏ18-இன் மிக நுண்ணிய நிலை டிவிஷனுக்கு, அதாவது திரையின் ஒரு கட்டத்துக்கு, 5 மில்லிவோல்ட். இந்த வரிசையில் எந்த ஆம்ப்ளிஃபயர் பிளக்-இன்னும் பின்பக்க முனை வழியாக மெயின்ஃபிரேமுக்குக் கொடுப்பது டிவிஷனுக்கு 50 மில்லிவோல்ட். அதாவது முழு மூச்சாக வேலை செய்யும்போதே மொத்தப் பெருக்கம் பத்து மடங்குதான். குமிழை 50 மில்லிவோல்ட்டில் வைத்தால் ஒரு மடங்கு. 5 வோல்ட்டில் வைத்தால் நூறில் ஒரு பங்காகக் குறைக்கிறது! குமிழின் பத்து நிலைகளில் ஆறில் இந்த "ஆம்ப்ளிஃபயர்" பெருக்குவதே இல்லை, குறைக்கிறது. பெருக்கத்துக்கு மட்டும் என்றால் நீங்கள் கேட்ட ஆப்-ஆம்ப் போதும்தான். ஆனால் டிசியிலிருந்து 75 மெகாஹெர்ட்ஸ் வரை, பத்து நிலையிலும், உள்ளே போன சதுர அலை சதுரமாகவே வெளியே வர வேண்டும். பாகங்களில் பெரும்பகுதி அதற்குத்தான்.

சிக்னல் நுழையும் பிஎன்சி சாக்கெட்டைத் தாண்டியதும் ஏசி-டிசி சுவிட்ச், அதற்கடுத்து சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர். பத்தில் ஒன்றாகக் குறைக்க 900 கிலோஓம் மேலே, 111 கிலோஓம் கீழே. கீழே உள்ளது ஆம்ப்ளிஃபயரின் 1 மெகாஓமோடு இணையாகச் சேர்ந்து 100 கிலோஓம் ஆகிவிடும். ஆக வெளியிலிருந்து பார்த்தால் எப்போதும் 1 மெகாஓம். டிசிக்கு இது போதும். ஆனால் ஆம்ப்ளிஃபயர் வாயிலில் சில பத்து பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது. 900 கிலோஓம் வழியாக அது நிரம்புவதற்குள் வேகமான விளிம்பு மழுங்கிவிடும். அதனால் 900 கிலோஓமுக்குக் குறுக்கே ஒரு சின்ன டிரிம்மர் (திருகி அளவை மாற்றும் கெப்பாசிட்டர்) போடுகிறார்கள். மேலே உள்ள ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் பெருக்கல் கீழே உள்ளதன் பெருக்கலுக்குச் சமமானால், அலைவரிசை எதுவானாலும் பங்கீடு மாறாது. டிரிம்மர் கூடினால் முன்மூலை மூக்காக நீட்டிக்கொள்ளும், குறைந்தால் மொட்டையாகும். இது ஒரு பங்கீட்டுக்கு. நூறில் ஒன்றாகக் குறைக்கத் தனி ஜோடி, தனி டிரிம்மர். இவை போதாதென்று, எந்த நிலையிலும் வெளியே தெரியும் கெப்பாசிட்டன்ஸ் ஒரே அளவாக இருக்க இன்னொரு டிரிம்மர். இல்லாவிட்டால் குமிழைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் 10 மடங்கு புரோபை (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் கொண்டுவரும் அளவுக் கம்பியை) மறுபடி சரிசெய்துகொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு கிலோவுக்கு மட்டும் சரியாகக் காட்டிவிட்டு ஐந்து கிலோவுக்குத் தப்பாகக் காட்டும் தராசை யார் வாங்குவார்கள்?

இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. நான் இருப்பது ஓரிகான் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ, டெக்ட்ரானிக்ஸ் வளர்ந்த பீவர்ட்டனுக்குப் பக்கத்து ஊர். இங்கே வயதானவர்கள் வீட்டைக் காலிசெய்யும்போது கராஜில் ஸ்கோப் ஒன்று கிடப்பது அதிசயமில்லை. என்னுடையதும் அப்படி வந்ததுதான். சேனல் 1 பழுதில்லை. சேனல் 2-இல் விசித்திரம்: 5 மில்லிவோல்ட்டில் சதுர அலை அழகாக இருக்கிறது, 500-இலும் அழகு. 50, 100, 200 இந்த மூன்றில் மட்டும் முன்மூலை குதித்து எழுந்து, பிறகு படுத்துவிடுகிறது. குமிழை லேசாக அசைத்தால் படுக்கும் அளவு மாறுகிறது.

உடன் வேலை செய்யும் நண்பர் டிரான்சிஸ்டர் போய்விட்டது என்றார். இல்லை என்றேன். 5 மில்லிவோல்ட்டில் சிக்னல் எந்த அட்டெனுவேட்டரும் இல்லாமல் நேராகப் போகிறது. அங்கே சரியாக இருந்தால் பின்னால் உள்ள ஆம்ப்ளிஃபயர் முழுவதும் சரி. கெட்ட மூன்று நிலைக்கும் பொதுவானது பத்தில் ஒன்றாக்கும் பகுதி மட்டும்தான். டிரிம்மர் தானாகத் திரும்பாது, குமிழ் அசைந்தால் மாறுகிறது என்றால் கான்டாக்ட். டெக்ட்ரானிக்ஸ் அந்தக் காலத்தில் பயன்படுத்திய கேம் சுவிட்சில், மேடு பள்ளம் உள்ள பிளாஸ்டிக் உருளை ஒன்று சுற்றும். அதன் மேடுகள் தங்கமுலாம் பூசிய மெல்லிய விரல்களை சர்க்யூட் போர்டின் மேல் அழுத்தும். யாரோ ஒரு புண்ணியவான் அதன்மேல் ஸ்பிரே அடித்து, அது காய்ந்து பசையாகி இருந்தது. பசை டிசியைத் தடுக்கிறது, விளிம்பு மட்டும் அதைத் தாண்டிக் குதிக்கிறது. கொஞ்சம் தடித்த காகிதத் துண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, விரலுக்கும் போர்டுக்கும் நடுவே வைத்து மெதுவாக இழுத்தேன். பழுப்பாக வந்தது. பிறகு பக்கத் தகடு இல்லாமலே இடதுபக்க அறையில் செருகி, மெயின்ஃபிரேமின் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்து, டிரிம்மரைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும் மூலை நேராக நின்றது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, காபி வாங்கிக் கொடுத்தார்.

சரி, அட்டெனுவேட்டருக்குப் பிறகு எஃப்.இ.டி. (வாயிலில் மின்னோட்டமே இழுக்காத டிரான்சிஸ்டர் வகை) சோர்ஸ் ஃபாலோயர். பெருக்கம் கிடையாது, 1 மெகாஓம் உலகத்தை டிரான்சிஸ்டர் உலகத்தோடு சேர்த்துவைப்பது மட்டும் அதன் வேலை. அதன் கீழே ஜோடியான இன்னொரு எஃப்.இ.டி. கரன்ட் சோர்ஸாக நிற்கும். வெப்பத்தால் ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும், டிரேஸ், அதாவது திரையில் தெரியும் கோடு, இடம் மாறாது. அடுத்த கட்டத்தில் ஒற்றை சிக்னல் எதிரெதிர் இரட்டை ஆகிறது. எமிட்டர்கள் இணைந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஒன்றின் பேஸில் சிக்னல், மற்றதில் நிலையான வோல்டேஜ். கடைசியில் சி.ஆர்.டி.யின் (படக்குழாயின்) இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகத்தான் ஓட்டம் வேண்டும். சப்ளையில் வரும் அசைவு இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதால் அடிபட்டுப் போகும் என்பது கூடுதல் லாபம்.

இரண்டு எமிட்டர்களுக்கும் நடுவே தொங்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் சரங்கள்தான் உங்களைப் பயமுறுத்தியவை என்று நினைக்கிறேன். சிக்னல் திடீரென்று ஏறும்போது ஒரு டிரான்சிஸ்டர் சூடாகிறது, மற்றது ஆறுகிறது. ஒரு டிகிரிக்கு பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் நகரும். டிவிஷனுக்கு 5 மில்லிவோல்ட் அளக்கும் இடத்தில் இது சின்ன விஷயமா? சதுர அலையின் தலை மில்லிசெகண்ட் கணக்கில் மெல்லச் சரியும். அதனால் சூடு மாறாதபடி இயங்குநிலையைத் தேர்ந்தெடுப்பார்கள். மீதிச் சரிவை இந்தச் சரங்கள் சமாளிக்கும். ஒரு சரம் நானோசெகண்ட் மூலைக்கு, இன்னொன்று மைக்ரோசெகண்ட் தோளுக்கு, வேறொன்று மில்லிசெகண்ட் சரிவுக்கு. எல்லா பிளக்-இன்னிலும் ஒரே மாதிரி இருக்காது, ஆர்.எஃப். (ரேடியோ அலை) நண்பர்கள் கிளம்பி வர வேண்டாம்.

இரண்டு சேனலையும் மாறி மாறித் திரையில் காட்டும் சேனல் சுவிட்ச், அதன் ஆல்ட், சாப் முறைகள் எல்லாம் இதற்குப் பின்னால். அலை திரையில் நிலையாக நிற்கச் செய்யும் டிரிகருக்கு ஒரு கிளை தனியாகப் பிரிந்து மெயின்ஃபிரேமுக்குப் போகும். டிரிகர் வேலையைத் தொடங்கும்வரை சிக்னலைச் சற்றுத் தாமதப்படுத்தும் வயர் பிளக்-இன்னில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, குமிழின் அளவைக் காட்டும் எழுத்து திரையில் வரும் விதம். பிராசசர் எதுவும் கிடையாது. மெயின்ஃபிரேம் பத்து நேரத்துண்டுகளில் −15 வோல்ட் துடிப்பை அனுப்பும். குமிழ் நிற்கும் இடத்தைப் பொறுத்து சில ரெசிஸ்டர்கள் வழியாக 0.1 மில்லிஆம்பியர் படிகளில் இரண்டு மின்னோட்டங்கள் ஓடும். ஒன்று வரிசை எண், மற்றது நிரல் எண். அட்டவணையில் அந்த இடத்து எழுத்தைக் கதிர் திரையில் வரையும். 10 மடங்கு புரோபைச் செருகினால் பிஎன்சியைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு முள் தொடும். புரோபினுள் 11 கிலோஓம் இருக்கிறது, உடனே 5 மில்லிவோல்ட் என்று காட்டியது 50 ஆகிவிடும். இந்த எழுத்து முறையை வடிவமைத்தவர் பேரி கில்பர்ட். ஆமாம், எல்.ஐ.சி. (லீனியர் இன்டகிரேட்டட் சர்க்யூட்ஸ்) பேப்பரில் பதினாறு மார்க்குக்கு நாம் மனப்பாடம் செய்த "கில்பர்ட் மல்டிப்ளையர்" கில்பர்ட்தான்.

பேப்பர் என்றதும் வயிறு எரிகிறது. நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். லேபில் சி.ஆர்.ஓ. (இதே ஆஸிலோஸ்கோப்தான்) இருந்தது, கண்ணாடி பீரோவில். சாவி எப்போதும் இல்லாத ஒருவரிடம். வெளியே வைத்திருந்தவற்றில் பாதிக்கு டிரேஸ் வராது. "மாடல் கிராஃப் பார்த்து ரீடிங் போட்டுக்கோ" என்பார்கள், போட்டோம், கையெழுத்தும் வாங்கினோம். ரெக்கார்டில் ஆக்ஸிஸ் கோட்டைப் பென்சிலில் போடாமல் பேனாவில் போட்டதற்கு என் நோட்டு திரும்பி வந்தது, ரீடிங் பொய் என்பதற்கு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. அதே லேபில் ஒரு பழைய பிளக்-இன்னைத் திறந்து காட்டியிருந்தால் இரண்டு செமஸ்டர் பாடம் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று கமெண்டில் ஆரம்பிக்காதீர்கள், அவர்களுக்கும் அந்த பீரோவைத் திறந்து காட்டியவர் யாரும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிளக்-இன்னைச் செருகுமுன் ±15, ±50, 5 வோல்ட் வழிகளில் தரைக்கு ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். இந்த வரிசையில் பழைய டான்டலம் கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆவது சகஜம். பிளக்-இன்னுக்குள் 50 வோல்ட்டுக்கு மேல் சப்ளை இல்லை. வால்வு காலத்து பிளக்-இன் என்றால் 350 வோல்ட் வரை வரும், கை ஜாக்கிரதை. மெயின்ஃபிரேமின் சி.ஆர்.டி. பக்கம் எந்தக் காலத்ததானாலும் போகாதீர்கள். சர்வீஸ் மேனுவலில் முழு சர்க்யூட்டும் விளக்கமும் இருக்கும், ஸ்கேன் செய்த பிரதி தேடினால் கிடைக்கும். முன்பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். 7ஏ என்று தொடங்கினால் மேலே சொன்னதில் பெரும்பாலானது பொருந்தும். 7பி என்றால் அது டைம்பேஸ் (கதிரை இடமிருந்து வலமாக ஓட்டும் பகுதி), நான் எழுதியதில் பாதிக்கு மேல் உங்களுக்குப் பயன்படாது.