தள்ளுபடியால் மீண்ட நகரம் அல்ல சிங்கப்பூர்

கேள்வி: சிங்கப்பூருக்குச் சுற்றுலாக் குழுக்களை அனுப்பும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். பொருளாதாரம் சரியும்போதெல்லாம் மக்கள் முதலில் கைவைப்பது பயணச் செலவில்தான். ஆனாலும் சிங்கப்பூர் ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் முன்பைவிடக் கூடுதலான பயணிகளைப் பெற்றுவிடுகிறது. விமானக் கட்டணத்தையும் அறை வாடகையையும் குறைத்து, பெரிதாக விளம்பரம் செய்தால் எந்த நகரமும் இப்படி மீண்டுவிடலாம் என்பது என் கருத்து. சரிதானே?
— ஒரு வாசகர், கோவை

பதில்: சரியில்லை. தள்ளுபடியும் விளம்பரமும் சிங்கப்பூரிலும் உண்டு. சரிவு வந்தபோதெல்லாம் அவற்றைச் செய்தே வந்திருக்கிறார்கள். ஆனால் அவை விடுதிகளைச் சில மாதங்கள் தாக்குப்பிடிக்க வைத்தனவே தவிர, அடுத்த பத்தாண்டின் வளர்ச்சியைக் கொண்டுவரவில்லை. வருவாய் குறைந்த ஆண்டுகளில் எதைக் காட்டி யாரை அழைப்பது என்ற கேள்வியை அரசே மறுபடியும் கையிலெடுத்து, அதற்கான பணத்தையும் நிலத்தையும் சரிவு முடியும் வரை காத்திராமல் ஒதுக்கியதுதான் வளர்ச்சிக்குக் காரணம். எல்லா நகரங்களாலும் இது முடியாது. செய்ததெல்லாம் சிங்கப்பூருக்கும் பலித்துவிடவில்லை.

1983இல் சிங்கப்பூருக்கு வந்த பயணிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 3.5 விழுக்காடு குறைந்தது. இன்று பார்த்தால் சிறிய சரிவுதான். ஆனால் ஏறுமுகத்துக்கே பழகியிருந்த ஊரில், அதுவும் புதிய விடுதிகள் வரிசையாக எழுந்துகொண்டிருந்த வேளையில், அது பெரும் கவலையைக் கிளப்பியது. தன் மக்கள் வெளிநாடு செல்வதற்கு இந்தோனேசியா விதித்திருந்த வரி உயர்ந்தது ஒரு காரணம், உலகப் பொருளாதாரத் தேக்கம் இன்னொரு காரணம். 1984இல் அமைக்கப்பட்ட சுற்றுலாப் பணிக்குழு இந்த வெளிக்காரணங்களோடு நின்றுவிடாமல், நவீனமாகும் அவசரத்தில் நகரம் தன் கீழைநாட்டுக் கவர்ச்சியையே இழந்துவிட்டது என்றும் எழுதிவைத்தது. அது உண்மைதான். சைனாடவுன் தெருக்களில் கடை போட்டிருந்தவர்கள் 1983இல் கட்டடத்துக்குள் மாற்றப்பட்டிருந்தார்கள். ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தால் சரக்குத் தோணிகளும் அதே ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றை விட்டு வெளியேறியிருந்தன. கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடுகள் தொடர்ந்து இடிபட்டுக்கொண்டிருந்தன. பயணிகள் எதைப் பார்க்க வந்தார்களோ அதை அகற்றிய அதே அரசுதான், பயணிகள் ஏன் வரவில்லை என்று ஆராயவும் குழு அமைத்தது.

1985இல், விடுதலை பெற்ற பிறகு முதன்முறையாக நாடே பொருளாதார மந்தத்தில் விழுந்தது. அன்றைய உலகின் மிக உயரமான விடுதியான 73 மாடி வெஸ்டின் ஸ்டாம்ஃபோர்ட் 1986இல் திறக்கப்பட்டபோது, நகரில் ஏற்கெனவே அறைகள் காலியாகக் கிடந்தன. விடுதிகள் போட்டி போட்டுக்கொண்டு வாடகையைக் குறைத்தன. நீங்கள் சொல்லும் வழி அதுதான்; அதனால் விடுதிகளின் வருவாய்தான் மேலும் மெலிந்தது. அரசோ அதே 1986இல் நூறு கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்) ஒரு சுற்றுலா மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகியவை 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாயின. 1887இல் தொடங்கிய ராஃபிள்ஸ் ஹோட்டல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1989இல் மூடப்பட்டு, விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு 1991இல் மீண்டும் திறந்தது. உங்கள் குழுக்கள் தவறாமல் போகும் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் இன்றைக்கும் கடைவீட்டு வரிசைகள் நிற்கின்றன என்றால், அதில் அந்த மந்தத்துக்கும் பங்குண்டு. ஆனால் புதுப்பித்த கட்டடங்களுக்கு ஏறிய வாடகை பல பழைய வணிகர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர்கள் இடம்பெயர்ந்த பிறகே அந்தத் தெருக்கள் சுற்றுலாப் புத்தகங்களில் அழகாகத் தெரியத் தொடங்கின என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தோல்விகளும் அதே காலத்தவைதான். சீனப் புராணச் சிற்பங்கள் நிறைந்த ஹா பார் வில்லா பூங்காவை ஏறத்தாழ எட்டுக் கோடி வெள்ளியில் நவீன கேளிக்கைப் பூங்காவாக மாற்றி 1990இல் திறந்தார்கள். கட்டணம் கொடுத்து வந்த கூட்டம் சில ஆண்டுகளிலேயே வற்றியதால், பின்னர் நுழைவுக் கட்டணத்தையே நீக்க வேண்டியதாயிற்று. இரவு வாழ்க்கைக்குப் பெயர்பெற்றிருந்து, சுரங்க ரயில் பணிக்காக இடிக்கப்பட்ட பூகிஸ் தெரு, சினிமாவுக்கு செட் போட்டதுபோல் 1991இல் அருகிலேயே மறுபடியும் கட்டப்பட்டது; கடைகள் வந்தன, பழைய இரவு வாழ்க்கை திரும்பவில்லை. பணம் போட்டால் எதையும் ஈர்ப்பாக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்த பெரிய அடி 2003இல் சார்ஸ் நோயால் விழுந்தது. முந்தைய ஆண்டு 75 லட்சத்துக்கு மேல் இருந்த பயணிகளின் எண்ணிக்கை 61 லட்சமாகச் சுருங்கியது. விளம்பரப் பிரச்சாரங்கள் நடந்தன, 2004இல் எண்ணிக்கையும் 83 லட்சமாக ஏறியது. உங்கள் கணக்குப்படி இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மீட்சி வந்த பிறகுதான் அவர்கள் கூடுதலாகக் கவலைப்பட்டார்கள். ஹாங்காங்கில் டிஸ்னிலேண்ட் வரவிருந்தது, மக்காவ் தன் சூதாட்டத் தொழிலை வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. சிங்கப்பூரில் பயணிகள் தங்கும் நாட்களோ மிகக் குறைவு. பல ஆண்டுகளாக மறுத்துவந்த கேசினோவுக்குப் பிரதமர் லீ சியன் லூங்கின் அரசு 2005 ஏப்ரல் 18 அன்று இசைவு தந்தது. அமைச்சரவைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. சமய, சமூக அமைப்புகள் வெளிப்படையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பு வீண்போகவில்லை என்பது என் எண்ணம்: கேசினோவின் சூதாட்டத் தளம் 15,000 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, விடுதியும் மாநாட்டு மண்டபமும் அருங்காட்சியகமும் கேளிக்கைப் பூங்காவும் கொண்ட வளாகங்களாகவே இவற்றைக் கட்ட வேண்டும், உள்நாட்டவர் உள்ளே நுழைய ஒரு நாளைக்கு நூறு வெள்ளி கட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் உடன் வந்தன. அந்த நுழைவு வரி 2019இல் 150 வெள்ளியாக உயர்ந்தது. வளாகங்களின் வருவாயில் பெரும்பங்கு இன்றும் சூதாட்ட மேசையிலிருந்துதான் வருகிறது. அதை மறைத்து இதைக் குடும்பச் சுற்றுலாவின் வெற்றி என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

கட்டுமானம் பாதியில் இருந்தபோதே 2008இன் உலக நிதி நெருக்கடி வந்தது. இசைவு பெற்ற இரண்டு கேசினோ வளாகங்களுள் ஒன்றான மரினா பே சாண்ட்ஸைக் கட்டிவந்த லாஸ் வேகஸ் சாண்ட்ஸ் நிறுவனம் திவாலாகும் நிலைக்குப் போய், மக்காவில் தொடங்கியிருந்த வேலைகளை நிறுத்திவைத்தது. சிங்கப்பூர் வேலையை மட்டும் நிறுத்தவில்லை. லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்த 2008 செப்டம்பர் 15க்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், நகரத் தெருக்களில் ஃபார்முலா ஒன் பந்தயம் இரவு விளக்குகளின் ஒளியில் நடந்தது. அதன் செலவில் 60 விழுக்காட்டை அரசு ஏற்றது. பந்தயத்தால் லாபம் பார்க்கும் விடுதிகளிடமிருந்து பந்தய நாட்களின் அறை வருவாயில் 20 முதல் 30 விழுக்காடு வரை தனி வரியாகத் திரும்ப வாங்கியது. விழா நடத்த வேண்டும் என்று கேட்கும் விடுதி உரிமையாளர்களிடமே விழாச் செலவில் ஒரு பங்கை வசூலிக்கும் இந்த ஏற்பாடு, எனக்குத் தெரிந்தவரை, சிங்கப்பூர் செய்தவற்றுள் மிகவும் கெட்டிக்காரத்தனமானது. 2009இல் எண்ணிக்கை 97 லட்சமாகக் குறைந்தது. 2010இன் தொடக்க மாதங்களில் செந்தோசா தீவில் எழுந்த இன்னொரு கேசினோ வளாகமும் மரினா பே சாண்ட்ஸும் அடுத்தடுத்துத் திறந்தன. அந்த ஆண்டு 1.16 கோடிப் பேர் வந்தார்கள், சுற்றுலா வருவாய் 1,800 கோடி வெள்ளியைத் தாண்டியது. மந்தத்தின் நடுவில் வேலையை நிறுத்தியிருந்தால், ஆசியா மீண்டெழுந்த அந்த ஆண்டில் காட்டுவதற்கு அவர்களிடம் பாதி கட்டிய கோபுரங்கள்தான் இருந்திருக்கும்.

இலக்குகள் எல்லாம் எட்டப்பட்டுவிடவில்லை. 2015க்குள் 1.7 கோடிப் பயணிகள், 3,000 கோடி வெள்ளி வருவாய் என்று 2005இல் அறிவித்தார்கள். அதற்காக 200 கோடி வெள்ளி நிதியும் ஒதுக்கினார்கள். 2015இல் வந்தவர்கள் ஏறத்தாழ 1.52 கோடிப் பேர், வருவாய் 2,200 கோடியை ஒட்டியே நின்றது.

கொரோனா காலத்தைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. 2019இல் 1.91 கோடியாக இருந்த எண்ணிக்கை 2021இல் மூன்றரை லட்சத்துக்கும் கீழே போனது. வெளியாரே வராத நிலையில் உள்ளூர்க்காரர்களைப் பயணிகளாக்க 32 கோடி வெள்ளி செலவில், 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் நூறு வெள்ளிக்கான பற்றுச்சீட்டு தந்தார்கள். சாங்கி விமான நிலையத்தில் நிறுத்தியிருந்த ஏ380 விமானத்தில் விருந்து பரிமாறினார்கள். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் திரும்பிவரும் கப்பல் பயணங்கள் நடந்தன. விடுதிகள் தனிமைப்படுத்தும் இடங்களாயின, ஊழியர் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசே சில மாதங்கள் தாங்கியது. இவை ஆட்களைத் தொழிலிலேயே தக்கவைத்தன. 2023இல் புதிய பறவைப் பூங்கா மண்டாயில் திறந்ததும், 2024 பிப்ரவரியில் சீனாவோடு விசா விலக்கு நடைமுறைக்கு வந்ததும்தான் அடுத்த சுற்றின் தொடக்கம்.

இதையெல்லாம் 'எந்த நகரமும்' செய்துவிடலாம் என்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு முற்றிலும் வேறுபடுகிறேன். சிங்கப்பூரில் நகரமும் நாடும் ஒன்றே. மாநகராட்சி, மாநிலம், மத்திய அரசு என்று மூன்று வாசல்களில் ஏறி இறங்க வேண்டியதில்லை. மரினா பே என்பதே கடலைத் தூர்த்து அரசு உருவாக்கிய நிலம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமான நிறுவனத்தின் பெரும்பங்கு அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்கிடம் இருக்கிறது. நல்ல ஆண்டுகளில் சேர்த்த இருப்பு, கெட்ட ஆண்டில் கைகொடுக்கிறது. கடன் வாங்கிச் சம்பளம் தரும் ஒரு மாநகராட்சி இதே திட்டங்களை நகலெடுத்தால், அதற்குக் கிடைப்பது ஹா பார் வில்லாக்கள்தான்.

உங்கள் கேள்வியில் இன்னொன்றையும் திருத்த வேண்டும். கடைசிச் சரிவுக்குப் பிறகு அவர்கள் கூடுதலான பயணிகளைப் பெறவில்லை. 2024இல் வந்தவர்கள் 1.65 கோடிப் பேர். 2019ஐவிட ஏறத்தாழ 26 லட்சம் குறைவு. ஆனால் சுற்றுலா வருவாய் 2,770 கோடி வெள்ளியிலிருந்து 2,980 கோடியாக உயர்ந்தது. விலைவாசி ஏற்றம் இதில் ஒரு பகுதி. மிச்சம், ஆள் கணக்கைவிடத் தலைக்கு ஆகும் செலவையே பெரிதாகப் பார்க்கும் அவர்களின் கொள்கை. இந்தியாவிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றும், நம்மவர்களுக்காக அந்த நகரம் விலையைக் குறைத்துக்கொள்ளவில்லை. ஆகவே அடுத்த மந்தத்தில் விடுதிகளின் தள்ளுபடி அறிவிப்புக்காகக் காத்திருப்பதைவிட, அந்த ஆண்டின் சிங்கப்பூர் வரவுசெலவுத் திட்டத்தில் சுற்றுலாவுக்கு எவ்வளவு, எதற்காக ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து உங்கள் வாடிக்கையாளர்கள் எதைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.