உதைக்கிறவனைத் திட்டாதீர்கள்

கேள்வி: சயா (ஆசானே), பதிமூன்று, பதினாலு வயதுப் பையன்களுக்கு ஞாயிறுதோறும் பந்து பழக்குகிறேன். பின்னால் நிற்கிறவன் காலுக்குப் பந்து வந்தால் போதும், வானத்துக்குத் தூக்கி விடுகிறான். பாஸ் கொடுத்து ஏறுங்கடா என்றால் எதிராளி காலில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கோட்டுக்கு வெளியே அப்பாமார் "அடிச்சுத் தள்ளுடா" என்று கத்துகிறார்கள். என்ன செய்ய?
— ஒரு வாசகர், பெகு

பதில்: தம்பி, தூக்கி அடிக்கிறவனை விடுங்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். எல்லாரும் எதிராளி முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள். அவன் யாருக்குக் கொடுப்பான்?

நானும் ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாளனாக ஆடியவன்தான். ஒரு ஜூலை மழையில், சிரியம் ஊரில், கோலுக்கு நேர் எதிரே குறுக்காக ஒரு பாஸ் உருட்டினேன். பந்து பாதி வழியில் தண்ணீரில் நின்றுவிட்டது. எதிரணிக்காரன் அவசரமே இல்லாமல் வந்து போட்டுவிட்டுப் போனான். பிறகு நாலு வருஷம் எனக்கு வந்த பந்தெல்லாம் மேகத்துக்குத்தான்.

அதை மாற்றியது நம் பர்மிய ஆட்டமான சின்லோன். ஆறு பேர் வட்டத்தில் பிரம்புப் பந்தைக் கீழே விடாமல் தட்டுகிறார்களே, யாராவது நெஞ்சை நேரே காட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறார்களா? பந்து கிளம்பும்போதே உடம்பு திரும்பிவிடுகிறது. உங்கள் பையன்களுக்கும் இது தெரியும். பூட்ஸ் மாட்டியதும் மறந்துபோகிறது.

ஆகவே முதலில் நிற்கப் பழக்குங்கள். கோல்கீப்பர் நடுவில், ஸ்டாப்பர்கள் இருவரும் பெனால்டி பாக்ஸின் இரண்டு ஓரத்தில், முன்னால் ஒரு மிட்ஃபீல்டர். பந்தைப் பறிக்க வருவது இரண்டே பேர். பக்கவாட்டில் திரும்பி நின்று, பந்து வருகிற பக்கத்துக்குத் தள்ளி இருக்கும் தூரத்துக் காலால் பந்தை வாங்கட்டும். அப்போதுதான் மைதானம் கண்ணுக்குத் தெரியும். கொடுக்கிறவனும் அந்தக் காலுக்கே கொடுக்க வேண்டும். ஒரு முழம் தப்பிக் கிட்டத்துக் காலுக்குப் போனால், வாங்குகிறவன் தன் கோலைப் பார்த்துத் திரும்பி மாட்டிக்கொள்வான். பந்து உருண்டு வரும்போது நான் வாங்குகிறவன் முதுகுப் பக்கம் நின்று விரல்களைக் காட்டுவேன். திரும்பிப் பார்த்து, தொடுவதற்குள் "மூணு" என்று கத்த வேண்டும். முதல் வாரம் எல்லாரும் குத்துமதிப்பாகத்தான் கத்துவார்கள்.

கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்தால் கம்பத்துக்கு வெளிப்பக்கமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். 1992இலிருந்து, தன் ஆள் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தை அவர் கையால் பிடிக்க முடியாது. தவறவிட்டாலும் கார்னரோடு போகும்.

மழைக்காலத்தில் ஆட்டத்துக்கு முன் பாக்ஸைச் சுற்றிப் பந்தை உருட்டிப் பாருங்கள். பந்து நிற்கிற இடத்தில் தாராளமாகத் தூக்கி அடிக்கட்டும்.

அப்பாமாரா? 1966, 1970 ஆசிய விளையாட்டில் பர்மா வாங்கிய பந்தாட்டத் தங்கத்தைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்தானே. ஒருவரைக் கூப்பிட்டு, அந்த இரண்டு பேரில் ஒருவராக ஓடவிடுங்கள். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கும், கத்தமாட்டார்.

கேள்வி: கோல் கிக்கைப் பாக்ஸுக்குள்ளேயே எங்கள் ஸ்டாப்பர் வாங்கினான். ரெஃபரி மறுபடி அடிக்கச் சொன்னார். சரியா?
— ஒரு வாசகர், மோல்மீன்

பதில்: சரியில்லை. 2019இலேயே விதி மாறிவிட்டது. பந்தை உதைத்து அது தெளிவாக நகர்ந்தாலே ஆட்டம் தொடங்கியாச்சு. அதுவரை எதிரணிதான் பாக்ஸுக்கு வெளியே நிற்க வேண்டும். ரெஃபரியிடம் மைதானத்தில் சண்டைக்குப் போகாதீர்கள். ஆட்டம் முடிந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லுங்கள்.